கிழக்கு லைனில் விழுந்த விமானம்

கிழக்கு டெலிபோன் லைனில் யாரும் யார் பேச்சையும் ஒட்டுக் கேட்பதில்லை. பைபிள் மேல் கை வைத்துச் சொல்வார்கள். பக்கத்துப் பண்ணைக்காரியின் பல்வலியும், பாதிரியார் மனைவி கேக்கில் வெண்ணெய்க்குப் பதில் ஆட்டுக்கொழுப்பைப் போட்ட கதையும் ஆறு வீட்டுக்கும் எப்படித் தெரிந்தது என்று கேட்டால், காற்றில் வந்தது என்பார்கள். அடிலெய்டுக்கு அப்பால் கோதுமைச் சீமையில் கிடக்கும் குன்யாராவின் காற்று அப்படிப்பட்ட காற்று போலிருக்கிறது, நான் என்னத்தைச் சொல்ல.

அந்த லைன் ஒரே கம்பி. கோதுமை வயல்களுக்கு நடுவே, வேலிக்கால்களின் மேலேயே விவசாயிகள் தாங்களே இழுத்துக் கட்டியது. ஆறு வீட்டுக்கும் அது ஒன்றுதான். யாராவது டெலிபோன் கைப்பிடியைச் சுற்றினால் ஆறு வீட்டிலும் மணி அடிக்கும். இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் ஒரு வீடு, மூன்று குட்டை என்றால் இன்னொரு வீடு, ஒரே இழுப்பாக நீளமாய் அடித்தால் எக்ஸ்சேஞ்சைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். மணி யாருக்கு அடித்தாலும் ஆறு ரிஸீவரும் பூனை நடப்பதுபோல் மெல்ல மேலே எழும்பும். ஒவ்வொரு ரிஸீவர் எழும்பும்போதும் பேசுகிறவரின் குரல் ஒரு படி இறங்கும். ஒரு தொட்டியில் ஆறு குழாயைத் திறந்துவிட்டால் எதிலும் தண்ணீர் விசையாக வராது, அதே கதைதான். இது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எடுப்பார்கள்.

எக்ஸ்சேஞ்ச் என்பது தபாலாபீஸின் பின்னறை. அதில் ஸ்விட்ச் பலகைக்கு முன்னால் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் ஐவி பென்ஹேல். தகப்பனார் தபால் மாஸ்டராக இருந்து கண்ணை மூடியபோது, கூந்தலைக்கூட ஒழுங்காகப் பின்னத் தெரியாத வயதில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் பிறகு எழுந்திருக்கவே இல்லை. நடுவில் பெர்ட் என்று ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் மேற்கே தங்கச் சுரங்கத்துக்குப் போகிறேன் என்று கிளம்பினான், போனவன் போனவன்தான். "தங்கம் கிடைச்சிருக்கும், அதான் வரல" என்று ஊரார் கிண்டல் செய்தால், "அவன் கிளம்பினதே எனக்குத் தங்கம்தான்" என்பாள் ஐவி. வாய் கொஞ்சம் நீளம். ஆனால் பலகையில் காதால் கேட்ட எதையும் அந்த வாய் வெளியே சொன்னதில்லை. ஊரில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பது முழுக்கத் தெரிந்த ஒரே மனுஷி அவள்தான், அவளிடமிருந்து ஒரு எழுத்துக்கூடப் பெயராது.

யுத்தம் வந்தபின் ஊருக்குத் தெற்கே விமானப் படையின் பயிற்சி முகாம் வந்தது. பொழுது விடிந்தால் மஞ்சள் விமானங்கள் தலைக்கு மேல். ஆரம்பத்தில் கோழிகள் முட்டை போடுவதை நிறுத்தின, பிறகு கோழிகளுக்கும் பழகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் பையன்கள் தபாலாபீஸில் வரிசை கட்டி நின்று வீட்டுக்கு டிரங்க் கால் போடுவார்கள். ஐவிக்கு அவர்களின் முகத்தைவிடக் குரல் நன்றாகத் தெரியும். பல்லராட்டிலிருந்து வந்த லெஸ் காஃப்ரி என்ற பையன் மட்டும் தன் அம்மாவிடம் வாராவாரம் ஒரே பேச்சைப் பேசுவான். நல்லாச் சாப்பிடறேன்மா, நல்லாத் தூங்கறேன்மா, இங்க ஒண்ணும் ஆபத்து இல்லம்மா, வண்டி ஓட்டற மாதிரிதான். மூன்று நிமிஷம் முடிந்தது என்று ஐவி குறுக்கே சொல்லும்போது, அந்த அம்மாள் அவசர அவசரமாக அவன் பெயரை இரண்டு தடவை சொல்லிவிட்டு வைப்பாள்.

கிழக்கு லைனின் கடைசி வீடு லீனா நோஸ்கேயுடையது. பிறந்தது வளர்ந்தது எல்லாம் இதே மாவட்டம்தான், ஆனால் அப்பன் பாட்டன் ஜெர்மன்காரர்கள். அவள் புருஷன் ஓட்டோவை யுத்தம் ஆரம்பித்ததுமே போலீஸ் கூட்டிப் போய் ஆற்றங்கரை முகாமில் அடைத்துவிட்டார்கள். அந்த வீட்டு டெலிபோனையும் பிடுங்கிவிட வேண்டும் என்று தேவாலயத்தில் பிரசங்கம் செய்யும் சைமன்ஸ் கூட்டம் போட்டுப் பேசினார். போன் பிழைத்தது, அவள் பெயர் பிழைக்கவில்லை. லீனா கைப்பிடியைச் சுற்றினால் சுற்றில் ஒரு தயக்கம் இருக்கும், பாதியில் நின்று மறுபடி சுற்றும். அந்தத் தயக்கத்தைக் கேட்டதும் மற்ற ஐந்து வீட்டிலும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். ஹிட்லருக்கு என்ன சேதி போகிறதோ! அவள் கோழித்தீவனம் கேட்டாள், வேறொன்றும் கேட்டதில்லை.

நாற்பத்து மூன்றாம் வருஷத்து ஜனவரி, அந்தச் சீமையில் நடுக்கோடை. அறுவடை முடிந்து வயல்களில் காய்ந்த தாள்கட்டை மட்டும் நின்றது. அன்று காலையிலிருந்தே வடக்குக் காற்று. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே செம்மண் புழுதி எழும்பி, வெயில் போன இடம் தெரியவில்லை. தெருவில் எதிரே இருந்த ஓட்டல்கூட மறைந்துவிட்டது. ஐவி ஜன்னல் இடுக்கில் ஈரத்துணியைச் செருகிக்கொண்டிருந்தபோது, அழைப்பு வந்தால் பலகையில் விழுகிற சின்ன மூடிகளில் முகாம் லைனின் மூடி விழுந்தது.

"மிஸஸ் பென்ஹேல், எங்க விமானம் ஒண்ணு திரும்பல." முகாம் அதிகாரி குரலை அடக்கிப் பேசினார். "புழுதி எழும்பறதுக்கு முந்தி கிளம்பினது. அஞ்சு பேர். பண்ணை வீடுகள்ல யாராவது சத்தம் கேட்டாங்களான்னு விசாரிக்க முடியுமா?"

"முடியும். யாரார் போனாங்க?"

"அது சொல்லக்கூடாது."

"சரி, சொல்லாதீங்க. நான் கேக்கறேன்."

ஐவி எல்லா லைனிலும் விடாமல் மணி அடித்தாள். விமானம் ஒன்று காணவில்லை, யார் காதில் எது விழுந்தாலும் உடனே சொல்லுங்கள், எல்லோரும் கவனமாகக் கேட்டுக்கொண்டிருங்கள் என்றாள். இந்தக் கடைசி வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருக்கக் கூடாது. கிழக்கு லைன்காரர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டிருங்கள் என்றால் அவர்கள் வேறு எதைச் செய்வார்கள்? ரிஸீவரைக் காதில் வைத்தவர்கள் பிறகு எடுக்கவே இல்லை.

முதலில் பேசியது அந்த லைனின் பெர்ஸி ரோ. ஆஸ்துமாக்காரர், ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்குவார்.

"மேக்கால போச்சு ஐவி. என் தகரக் கூரை... அதிர்ந்துச்சு. மலைப் பக்கம்தான் போச்சு. சத்தியமாச் சொல்றேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அந்தப் புழுதியில் சத்தம் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று யாரால் சொல்ல முடியும்? ஐவி முகாமுக்குச் சொன்னாள். முகாம் ஆம்புலன்ஸும், பின்னாலேயே ஊர் டாக்டர் ஹேலட்டின் காரும் மேற்கே மலையைப் பார்த்து விரைந்தன. ஒரு காரியம் முடிந்தது என்று ஐவி டீயை எடுத்து வாயருகே கொண்டுபோனாள்.

கிழக்கு லைனின் மூடி விழுந்தது. மணி பாதியில் நின்று, மறுபடி அடித்தது.

"நம்பர் ப்ளீஸ்."

ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால், வெகு தூரத்தில் கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல ஒரு முனகல் மட்டும்.

"மிஸஸ் நோஸ்கேதானே? சத்தமாப் பேசுங்க!"

முனகல் கொஞ்சம் உயர்ந்தது. அதில் ஒரு சொல் மட்டும் பிடிபட்டது. ரத்தம். இன்னொன்று. எரியுது. பிறகு அவள் மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்ன ஒன்று ஐவியின் காதுக்கு வந்து சேர்ந்தது. உயிரோட இருக்கான்.

விமானம் கிழக்கே விழுந்திருக்கிறது, டாக்டர் மேற்கே போய்க்கொண்டிருக்கிறார். எங்கே விழுந்தது, எப்படிப் போவது, யாருக்கு என்ன அடி, ஒன்றும் தெரியவில்லை. சொல்ல வேண்டியவள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறாள், ஐந்து வீட்டுக்காரர்கள் அவள் குரலை ஆளுக்கு ஒரு வாய் உறிஞ்சிக்கொண்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் போனைக் கீழ வைங்க!" என்று ஐவி கத்தினாள். "அவங்க பேசறது எனக்குக் கேக்கல! கீழ வைங்க!"

ஒரு 'டிக்' கூட இல்லை.

வைக்க மாட்டார்கள். அந்த ஊர்க்காரர்களை அறிந்தவர்களுக்கு இது தெரியும். ரிஸீவரைக் கீழே வைத்தால் டிக் என்று சத்தம் வரும். சத்தம் வந்தால் இத்தனை நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். மற்றவர்கள் வைக்கட்டும், நான் ஒருத்தன் இருப்பதாலா குடி முழுகிவிடும் என்று ஒவ்வொருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பொல்லாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தப் பையனுக்காக அவர்களுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்திருக்கும். ஆனால் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே, அது ஆளைக் கொன்றுவிட்டுத்தான் அடங்கும்.

முனகல் மறுபடி வந்து தேய்ந்தது.

ஐவி எழுந்து நின்றாள். அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாளாக எதைச் செய்யக் கூடாது என்று வைத்திருந்தாளோ, அதைச் செய்தாள்.

"கிளாரிஸ் டன்ஸ்டன்! உன் கூண்டுக் குருவி கத்தறது எனக்கு இங்க கேக்குது. கீழ வை!"

"நானா? ஐயய்யோ, நான் இப்பத்தான் தூசி தட்டலாம்னு எடுத்தே—"

"கீழ வைடி!"

டிக்.

"பெர்ஸி, உங்க நெஞ்சு இழுக்கறது கேக்குது."

"மேக்கால போச்சுன்னு நான்தானே ஐவி... சொன்னேன், அதான் என்னன்னு—"

"அப்புறம் அழுதுக்கலாம். வைங்க!"

டிக்.

"மலோனி! ரெண்டு பேரும்!"

மலோனிகள் கல்யாணமாகாத இரட்டையர். ஒரே ரிஸீவரில் இரண்டு தலையையும் ஒட்டவைத்துக் கேட்பார்கள்.

"இவன்தான் வெச்சிருக்கான் ஐவி, நான் இல்ல."

"பொய்யி! இவன்தான் கூப்பிட்டான், வாடா ஜெர்மன்காரி பேசறான்னு."

"ரெண்டு பேரையும் அடுப்புல வெக்க! போனைக் கீழ போடுங்கடா!"

டிக். ரிஸீவரோடு வேறு எதுவோ கீழே விழுந்த சத்தமும் கேட்டது.

லீனாவின் குரல் கொஞ்சம் மேலே வந்தது. "...தொடையில... நிக்க மாட்டேங்குது..." மறுபடி அமுங்கியது. டக் டக் என்று ஒரு பெரிய கடிகாரம் மட்டும் நிதானமாக ஓடியது.

"மிஸ்டர் சைமன்ஸ், உங்க கடிகாரத்தை நான் இருபது வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

தொண்டையைச் செருமும் ஒலி. "மிஸஸ் பென்ஹேல், அந்தப் பெண்மணி யார்கிட்ட என்ன பேசறான்னு பொறுப்புள்ள ஒருத்தர் கவனிக்கறது நல்லதுன்னு நான்—"

"அவ கண்ணு முன்னாடி நம்ம பையன் ஒருத்தன் ரத்தம் கொட்டிச் சாகறான். நீங்க கேக்கறதாலதான் சாகறான். ஜெபம் பண்ணணும்னா வெச்சுட்டுப் பண்ணுங்க!"

சைமன்ஸிடம் அப்படி யாரும் அதுவரை பேசியதில்லை. டிக்.

"இப்ப சொல்லுங்க மிஸஸ் நோஸ்கே!"

குரல் வந்தது. வந்தும் தெளியவில்லை. இன்னும் ஒரு ரிஸீவர் எடுத்தபடியே இருந்தது. அதிலிருந்து குருவி இல்லை, கடிகாரம் இல்லை, மூச்சுகூட இல்லை. அப்படிச் சத்தமே இல்லாமல் கேட்கிறவள் அந்த லைனில் ஒருத்திதான் என்பது ஐவிக்குத் தெரியும். அதனால்தான் அவளைக் கடைசியில் விட்டிருந்தாள்.

டோரா நான்கிவெல். அவள் மகன் க்ளிஃப் மெஷின்கன் படையில் இருந்தான். ஜாவா விழுந்ததோடு அவன் சேதி நின்றுவிட்டது. உயிரோடு பிடிபட்டானா, இல்லையா, ஒன்றும் தெரியாது. அன்றிலிருந்து டோரா டெலிபோன் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உருளைக்கிழங்கு உரிக்கிறாள், துணி தைக்கிறாள், சாப்பிடுகிறாள். யாருக்கு மணி அடித்தாலும் எடுப்பாள். வம்புக்கு இல்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து எந்த மணி வந்தாலும் அதில் தன் மகன் இருக்கலாம் என்று எடுப்பாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை கேட்பாள், இல்லை என்று தெரிந்ததும் பூப்போல வைப்பாள். ஒரு வருஷமாக ஐவி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தெருவில் பார்த்தால் இருவரும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள். இதைப் பற்றி மட்டும் பேசியதில்லை.

இன்று அவள் வைக்கவில்லை. பையன், உயிர் என்ற சொற்கள் காதில் விழுந்துவிட்டன அல்லவா.

"டோரா," என்றாள் ஐவி.

டிக் வரவில்லை.

"டோரா, நீதான்னு தெரியும். இது க்ளிஃப் இல்ல." ஐவி நிறுத்தவில்லை. "ஜாவாவுலேர்ந்து ஒண்ணும் வரல டோரா. வந்தா நானே ஓடி வந்து சொல்லுவேன். இந்த மணி உனக்கு இல்ல. கீழ வை."

ஒரு தாயிடம் சொல்லக்கூடிய பேச்சா அது? ஆனால் வேறு பேச்சு இல்லை. வெகு தூரத்தில் லீனா எதையோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தப் பையன் உயிரோட இருக்கானா?" என்று டோரா கேட்டாள். அந்த லைனில் அவள் குரலைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"இருக்கான். நீ வெச்சாத்தான் இருப்பான்."

டிக்.

உடனே லீனா நோஸ்கேயின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் காதில் அறைந்தது.

"—கொட்டகைக்குப் பின்னாடி! கொட்டகைக்குப் பின்னாடி வயல்ல! நாலு பேர் உள்ளயே... என்னால கிட்ட போக முடியல, எரியுது. ஒருத்தனை வெளிய வீசியிருந்துச்சு. வராந்தாவுக்கு இழுத்துக்கிட்டு வந்துட்டேன். தொடை கிழிஞ்சிருக்கு, ரத்தம் நிக்கல. தாள்கட்டையில நெருப்புப் பிடிச்சிருச்சு மிஸஸ் பென்ஹேல், காத்து வீட்டுப் பக்கம் திரும்பினா..."

"கேக்குது, நல்லாக் கேக்குது. போனை விட்டு நகராதே. டாக்டரைப் பிடிக்கறேன்."

டாக்டரை எங்கே பிடிப்பது? மேற்கு ரோட்டில் மலை ஏறுவதற்கு முன் கடைசியாக ஒரு ஆட்டுப் பண்ணை உண்டு. ஐவி அங்கே மணி அடித்து, பண்ணைக்காரியை ரோட்டுக்கு ஓடச் சொன்னாள். ஆம்புலன்ஸ் ஏற்கெனவே கடந்துபோய்விட்டது. டாக்டரின் கார் ரேடியேட்டர் சூடேறி மெதுவாக வந்துகொண்டிருந்ததால் மாட்டிக்கொண்டது. அவர் மூச்சிரைக்க போனுக்கு வந்தார். ஐவி இரண்டு லைனையும் சேர்த்துச் செருகினாள்.

"யாரும்மா பேசறது? கட்டுப் போடத் தெரியுமா?"

"ஆடுகளுக்குப் போடுவேன் டாக்டர்."

"ரத்தத்துக்கு ஆடும் ஒண்ணுதான் மனுஷனும் ஒண்ணுதான். காயத்துக்கு மேல, இடுப்புப் பக்கமா, துணியை இறுக்கிக் கட்டு. முடிச்சுக்குள்ள கட்டையா எதையாவது செருகி முறுக்கு. அவன் கத்துவான். கத்தட்டும். ரத்தம் நிக்கற வரைக்கும் முறுக்கு. நின்னப்புறம் கையை எடுக்காதே, தளர்த்தாதே. நான் வர்றேன். எந்த வழியா வரணும்?"

"கேட் வழியா வராதீங்க, அந்தப் பக்கம் வேலி எரியுது. ஓடையில தண்ணி இல்ல, ஓடைக்குள்ளயே வாங்க."

வேலி எரிகிறது என்றதும் ஐவிக்கு ஒன்று உறைத்தது. டெலிபோன் கம்பி அந்த வேலிக்கால்களின் மேல்தான் போகிறது.

பிறகு நடந்ததெல்லாம் ஐவிக்குக் காதால் நடந்தது. லீனா ரிஸீவரைத் தொங்கவிட்டுவிட்டு ஓடும் காலடி. அலமாரி திறக்கும் சத்தம். ஜாம் கிண்டுகிற மரக்கரண்டி, ஜாம் கிண்டுகிற மரக்கரண்டி என்று அவள் தனக்குத்தானே பிதற்றுவது. பின்னால் நெருப்பின் படபடப்பு. பிறகு ஒரு அலறல். அந்த அலறலில் ஐவிக்கு முதலில் ஆள் தெரியவில்லை. அலறல் அடங்கி, "நல்லாத்தான் இருக்கேன்... நான் நல்லாத்தான் இருக்கேன், அம்மாகிட்டச் சொல்லாதீங்க" என்று அவன் புலம்ப ஆரம்பித்ததும் தெரிந்துவிட்டது. லெஸ் காஃப்ரி. சனிக்கிழமைதோறும் தன் ஹெட்போனுக்குள் வருகிற குரல்.

"தம்பி, பேசிக்கிட்டே இரு!" என்று ஐவி தொங்குகிற ரிஸீவருக்குக் கேட்குமா கேட்காதா என்று நினைக்காமல் கத்தினாள். "தூங்கிடாதே! லீனா, அவனைத் தூங்க விடாதே!"

கம்பி அறுந்தால் தெரிந்துவிடும், செத்த மௌனம் வரும். அதற்காகக் காத்துக்கொண்டு ஐவி இரண்டு கையாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை சத்தம் நின்றது. போயிற்று என்று நினைத்தாள். பிறகு லீனா இருமினாள். அந்த இருமலைக் கேட்டு ஐவி கடவுளுக்கு நன்றி சொன்னாள்.

அத்தனை நேரமும் கிழக்கு லைனில் இன்னொரு ரிஸீவர் எழும்பவில்லை. அந்தக் கம்பியை இழுத்துக் கட்டிய நாளாக நடக்காத அதிசயம் அது. ஏன் எழும்பவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. வீட்டில் யாரும் இல்லை. கோடையில் வயல் எரிகிறது என்றால் அங்கே யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிடாமலே வந்துவிடுவார்கள். டாக்டரின் கார் ஓடையிலிருந்து ஏறி வந்தபோது, பெர்ஸி ரோ இழுக்கிற நெஞ்சோடு தண்ணீர் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். மலோனிகள் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே ஈரச் சாக்கால் நெருப்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். சைமன்ஸ் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, வேலிக்கால்களில் பற்றிய தீயைத் தன் கையாலேயே அணைத்துக்கொண்டிருந்தார். எந்த டெலிபோனைப் பிடுங்க வேண்டும் என்று கூட்டம் போட்டாரோ, அதன் கம்பி அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டது அவர்தான்.

டாக்டர் லீனாவின் போனிலிருந்து பேசினார்.

"பிழைச்சுடுவான் மிஸஸ் பென்ஹேல். கால் இருக்குமான்னு தெரியாது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தா நான் சும்மா பாக்கத்தான் வந்திருப்பேன்." பிறகு நிறுத்தினார். "மத்த நாலு பேருக்கும் என் வேலை ஒண்ணுமில்ல. மூத்தவனுக்கே இருபத்தஞ்சு இருக்காது."

விமானம் ஏன் விழுந்தது என்று பிறகு அதிகாரிகள் வந்து விசாரித்தார்கள். புழுதி என்றார்கள். அது குன்யாராவுக்கு முன்பே தெரியும்.

ஐவியை ஊர் முழுக்க மன்னித்துவிட்டது என்று சொன்னால் அது பொய். கிளாரிஸ் டன்ஸ்டன் சாகும் வரை தபாலாபீஸுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. ஒரு ஸ்டாம்புக்குக்கூட வேலைக்காரியை அனுப்புவாள். நாலு பேர் முன்னால் குருவியைச் சொல்லிவிட்டாளாம். ஐவி அதற்கெல்லாம் கவலைப்படவில்லை. அன்று சாயங்காலம் அவளை அரித்துக்கொண்டிருந்தது டோரா. இந்த மணி உனக்கு இல்லை என்று சொன்ன வார்த்தை திரும்பத் திரும்ப வந்து குத்தியது. ஆறிப்போன டீயை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது கிழக்கு லைனின் மூடி விழுந்தது.

"நம்பர் ப்ளீஸ்."

"ஐவி, நான்தான்."

"டோரா... நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடு."

"அதை விடு. அந்தப் பையன் எப்படி?"

"பிழைச்சுட்டான்."

"அவங்க அம்மாவுக்குச் சொல்லியாச்சா?"

"முகாம்லேர்ந்து தந்தி போகும். காலையில கிடைக்கும். நாம சொல்லக்கூடாது, யுத்தச் சட்டம்."

"தந்தியா?" டோராவின் குரல் ஏறியது. "தந்திக்காரன் உன் வீட்டுக் கேட்டைத் திறந்துக்கிட்டு வர்றதை நீ பாத்திருக்கியா?"

"நான் தந்தி எழுதறவ டோரா."

"அப்ப உனக்குத் தெரியாது. அவன் கேட்லேர்ந்து வாசப்படிக்கு வர்றதுக்குள்ள அந்தப் பொம்பளை செத்துப் பொழைப்பா. உள்ள என்ன எழுதியிருந்தா என்ன? நீ கூப்பிட்டுச் சொல்லு. இப்பவே சொல்லு."

"என் வேலை போயிடும்."

"போகும்," என்றாள் டோரா. "இன்னொண்ணு. நீ சொல்றப்ப நான் கேக்கணும். ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஒரு அம்மாகிட்ட உன் பையன் உயிரோட இருக்கான்னு சொன்னா அது எப்படி இருக்கும்னு ஒரே ஒரு தடவை கேட்டுக்கறேன் ஐவி."

ஐவி பிளக்கை எடுத்து டிரங்க் லைனில் செருகினாள். அடிலெய்ட் எக்ஸ்சேஞ்ச் வந்தது, மெல்பர்ன் வந்தது, பல்லராட்டில் ஒரு தூக்கக்கலக்கமான பெண் வந்தாள். மணி போயிற்று. கிழக்கு லைனை அதே இணைப்பில் ஐவி தன் கையாலேயே சேர்த்தாள்.

"ஹலோ?"

"மிஸஸ் காஃப்ரி, நான் குன்யாரா எக்ஸ்சேஞ்ச். லெஸ்—"

"இன்னிக்குச் சனிக்கிழமை இல்லையே!" அந்த அம்மாள் அலறினாள். "ஏன் நீங்க கூப்பிடறீங்க? அவன் ஏன் கூப்பிடல?"

"உயிரோட இருக்கான். கேளுங்க, உயிரோட இருக்கான். கால்ல அடி. டாக்டர் பாத்துட்டார், பிழைச்சுட்டான்னு அவரே சொன்னார். நானே என் காதால அவன் பேசினதைக் கேட்டேன். உங்ககிட்டச் சொல்லாதேங்கறான்."

மறுமுனையில் எதுவோ தரையில் உருண்டு உடைந்தது. பிறகு அந்த அம்மாள் அழுதாள். ஐவி அந்த நாற்காலியில் எத்தனையோ அழுகையைக் கேட்டவள்தான். ஆனால் கடவுளே, கடவுளே என்று நடுநடுவே சிரித்துக்கொண்டே ஒருத்தி அழுவதை அவள் அதுவரை கேட்டதில்லை.

அழுகை கொஞ்சம் ஓய்ந்தது. ஓய்ந்தபிறகும் லைனில் இன்னொரு அழுகை மிச்சமிருந்தது.

"யாரது?" என்றாள் மிஸஸ் காஃப்ரி. "அங்க யாரோ அழறாங்களே. யாரு கேக்கறது?"

ஐவியின் கை இணைப்பைப் பிடுங்கப் போயிற்று. அதற்குள் குரல் வந்துவிட்டது.

"நான்தாங்க. டோரா நான்கிவெல். ஒட்டுத்தான் கேட்டேன், மன்னிச்சுக்குங்க. என் பையன் ஜாவாவுல இருந்தான். ஒரு வருஷமா ஒண்ணும் தெரியல."

ஐவி இணைப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"உங்க பையன் பேர் என்னங்க?" என்று கேட்டாள் பல்லராட்டு அம்மாள்.

"க்ளிஃப்."

"எத்தனை வயசு? எப்படி இருப்பான்? சொல்லுங்க."

டோரா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. சுருட்டை முடி என்றாள், குதிரைக்குப் பயப்படுவான் என்றாள், ரொட்டியின் ஓரத்தைச் சாப்பிடவே மாட்டான் என்றாள். எதிர்முனையில் அந்த அம்மாள் ம், ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பலகை மேலிருந்த கடிகாரத்தில் மூன்று நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. ஐவி அதைப் பார்த்தாள், குறுக்கே ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தாள்.